சராசரிக்குள் மறையும் தெருக்கள்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் குடியிருப்பும் உடல்நலமும்

2022 அக்டோபர் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டி வட்டம் தோக்கமூரில் திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டிய நிலத்தில் எழுப்பப்பட்டிருந்த ஒரு சுவரை வருவாய்த் துறையினர் இடித்தார்கள். பட்டியல் சாதி மக்களின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் மறித்து நின்ற சுவர் அது. மறுநாள் நாளிதழ்களில் பொக்லைன் படத்தோடு செய்தி வந்தது. சுவர் போய்விட்டது. ஆனால் அதற்கு இரு பக்கமும் இருந்த மனைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்த மனைகளைப் பற்றியது. யாருக்கு எங்கே வீடு அமைந்தது, அந்த இடம் அவர்கள் நுரையீரலுக்கும் குழந்தைகளின் ரத்தத்துக்கும் என்ன செய்கிறது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையை முன்வைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையும் புறநகர் ரயிலும் தொடும் இடம் கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி உருட்டும் ரோலிங் மில்களும், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. பிற மாவட்டங்களின் அபாயகரமான தொழிற்கழிவுகள் வந்து புதைபடும் பொது நிலையமும் இந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

தொழிற்சாலை வந்ததால் ஊர் கெட்டது என்று கதையை இங்கிருந்து தொடங்குவது வழக்கம். அது பாதிக் கதை. ஆலைகள் வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே யார் எங்கே வசிக்கலாம் என்பது இங்கு முடிவாகியிருந்தது. இன்றைய திருவள்ளூர், பொன்னேரிப் பகுதிகள் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1891-இல் அம்மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் மூல ஆவணமாக இன்று அதை நினைவுகூர்கிறோம். அதில் விளைநிலத்துக்கு நிகராக மனை பற்றிய கவலையும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடிசை போட்ட தரையே மிராசுதாரருக்குச் சொந்தம். கூலி உயர்வு கேட்டால் வயலோடு வீடும் போய்விடும். மனை என்பது ஒருவரைக் கட்டிப்போடும் கயிறாக இருந்ததை ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுத்தில் வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் அரசு மனைகளைக் கையகப்படுத்திக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் 1920-களின் தொழிலாளர் துறை, பிறகு ஆதிதிராவிடர் நலத் துறை. கட்டிப்போட்ட கயிறு அறுந்தது. ஆனால் மனை கிடைத்த இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, யாரும் எதிர்ப்புச் சொல்லாத தாழ்வான நிலத்திலோ ஏரிப்பக்கத்திலோ அமைந்தது. ஊருக்கும் காலனிக்கும் இடையே இருந்த தூரத்தை நலத்திட்டமே பட்டா போட்டு நிரந்தரமாக்கிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். சொல் மாறினாலும் மழைநீர் பழைய பள்ளத்தைத்தான் தேடிப் போகும்.

இந்தப் பழைய வரைபடத்தின் மேல் தொழிற்பேட்டை வந்து அமர்ந்தபோது புதிய ஒதுக்கிடங்கள் பல முளைத்தன. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் வாழும் இருளர் குடும்பங்கள் முன்பே இருந்தன. இலங்கையிலிருந்து 1983-க்குப் பிறகும், பெருந்தொகையாக 1990-இலும் வந்தவர்களுக்கான முகாம் கும்மிடிப்பூண்டியில் அமைந்தது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் அது ஒன்று. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சேம்பர்களில், அதாவது சூளைகளில், ஆண்டுதோறும் மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கி வரும் குடும்பங்கள் ஆறேழு மாதம் தங்குகின்றன. சிப்காட்டைச் சுற்றிய சிறுபுழல்பேட்டை, பாப்பன்குப்பம், புதுகும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் விவசாயம் சுருங்க, லைன் வீடுகள் பெருகின. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா இளைஞர்கள் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராக அங்கே இருக்கிறார்கள். சிலருக்கு ஆலை வளாகத்துத் தகரக் கொட்டகையே வீடு.

இவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். சாதி, மொழி, குடியுரிமை எல்லாம் வேறு வேறு. பொதுவானது ஒன்றுதான்: வசிக்கும் இடத்தை இவர்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. துறையோ, மேஸ்திரியோ, முகாம் வட்டாட்சியரோ, வீட்டுக்காரரோ ஒதுக்கிய இடம்.

இடம் உடலுக்குள் நுழையும் வழிகளில் முதலாவது, இரவுக் காற்று. சிப்காட் பக்கத்து ஊர்களில் பகலைவிட இரவில்தான் புகை அதிகம் என்று பலரும் சொல்வார்கள். கண்காணிப்பு குறைந்த நேரம் என்பதால் வடிகட்டிகளை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். யாரும் விதி மீறாவிட்டாலும் இரவு மோசமாக இருக்கக் காரணங்கள் உண்டு. மின்சாரத்தால் இரும்பை உருக்கும் உலைக்கு மின்கட்டணமே பெரும் செலவு. தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் நுகர்வோர் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆகவே உருக்குவதற்கு லாபகரமான நேரம் இரவு. அதே நேரத்தில்தான் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலெழாமல் தங்குகிறது. பகலில் உயரே போய்க் கலைந்துவிடும் புகை, குளிர்கால இரவுகளில் கூரை மட்டத்திலேயே நிற்கும். சந்தையின் கணக்கும் வானிலையின் கணக்கும் ஒன்று சேரும் அந்த ஏழு மணி நேரமும் மக்கள் தூங்கும் நேரம்.

காற்று சாதி பார்த்து வீசுவதில்லை என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். சரிதான். ஊர்த்தெருக்காரரும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார். வேறுபாடு அடுத்த கட்டத்தில் வருகிறது. ஊர்த்தெருவில் நிலம் வைத்திருந்தவர் அதில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டு, பிள்ளைகள் படிப்பைக் காரணம் சொல்லி கும்மிடிப்பூண்டி டவுனுக்கோ சென்னைக்கோ போய்விட முடியும். காலனியில் இருப்பவர் கையில் இருப்பது நிபந்தனைப் பட்டா. குறிப்பிட்ட காலம்வரை விற்க முடியாது. அதன் பிறகு விற்கலாம் என்றாலும், காலனி மனையை வாங்க வெளியிலிருந்து யார் வருவார்? முகாமில் இருப்பவருக்கு வருகைப் பதிவு உண்டு, வெளியூர் போகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சேம்பரில் இருப்பவர் முன்பணம் கழியும்வரை அசைய முடியாது. மாசு எல்லோருக்கும் வரும், விலகிப் போகும் வசதி சிலருக்கே வரும். குடியிருப்புப் பிரிவினை செய்யும் தீங்கை அருகாமை என்ற ஒன்றால் மட்டும் அளந்தால் இந்த அசைய முடியாமை கணக்கில் விழாது.

கூரைக்கும் இதில் பங்கு உண்டு. இரவு ஷிப்ட் முடித்து வரும் உலைத் தொழிலாளி பகலில்தான் தூங்க வேண்டும். மே மாதப் பகலில் சிமென்ட் ஷீட்டின் கீழ் தூக்கம் எப்படி வரும்? உலையின் முன் எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரம் வெந்த உடல், ஆறுவதற்கு இடமில்லாமல் அடுத்த ஷிப்டுக்குப் போகிறது. பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கும் அறைகளும் இருக்கின்றன. காசநோய் பரவ இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டியதில்லை.

ஈயம் வேறு வழியில் வருகிறது. அது கண்ணுக்குத் தெரியும் புகையாக மட்டும் வருவதில்லை. தொழிலாளியின் சட்டையில், செருப்பில், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். உள்ளே போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்று கிடையாது என்பதும் அதன் நிலைப்பாடு. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றும் அறை ஆலையில் இருந்தால், தொழிலாளிக்கு வீட்டில் தனிக் குளியலறையும் துணி துவைக்கத் தனி இடமும் இருந்தால் இந்தப் பாதையை அறுத்துவிடலாம். பத்துக்குப் பத்து அறையில் சமையல், தூக்கம், குழந்தை, அழுக்குச் சட்டை எல்லாம் ஒரே தரையில். ஈயத்தின் தீங்கு அறிவாற்றலைச் சிறிது சிறிதாகக் குறைப்பது. அந்தக் குழந்தை பள்ளியில் பின்தங்கும்போது ஆசிரியர் அதை 'அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான்' என்று புரிந்துகொண்டுவிடும் அபாயமும் உண்டு. சேர்ந்து வாழாதவர்களைப் பற்றிய முன்முடிவுக்கு மருத்துவச் சான்று போன்ற ஒன்றை மாசே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத்தைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். 2020-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 28 சிசு மரணங்கள், தமிழ்நாட்டில் 13. கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. புறநகர் ரயில் ஏறினால் வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை. 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. பீகாரின் ஒரு வட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே வசதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சிக்கல் தூரத்தில் இல்லை, முகவரியில் இருக்கிறது. இந்த அமைப்பு முழுவதும் நிலையான குடும்பம், நிலையான வீடு என்ற ஊகத்தின் மேல் கட்டப்பட்டது. கிராம சுகாதார செவிலியர் தம் எல்லைக்குள் இருக்கும் கர்ப்பிணியைப் பதிவு செய்து 'பிக்மி' என்னும் கர்ப்பப் பதிவு எண் வாங்கிக் கொடுக்கிறார். அந்த எண்ணில்தான் பரிசோதனைகளும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் குழந்தையின் பிறப்புச் சான்றும் கோக்கப்படுகின்றன. சிறந்த ஏற்பாடு. ஆனால் செங்கல் சூளைப் பருவம் ஆறேழு மாதம், கர்ப்பமோ ஒன்பது மாதம். டிசம்பரில் வயிற்றுப் பிள்ளையோடு பலாங்கீரிலிருந்து வரும் பெண்ணின் பாதிக் கணக்கு ஒடிசாவில், மீதி திருவள்ளூரில். மண் குழைத்து, கல் அறுத்து, கணவன் மனைவியாக ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும் இடத்தில் ஒரு நாள் பரிசோதனைக்குப் போவது இரண்டு பேரின் கூலியை இழப்பது. 2011-இல் இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டபோதுதான், இப்படி ஒரு மக்கள் தொகை இங்கே வாழ்கிறது என்பதே பலருக்குத் தெரிய வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரோலிங் மில் தொழிலாளிக்கு முகவரிச் சிக்கல் வேறு விதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ பாதுகாப்பு சட்டப்படி உண்டு. ஒப்பந்தக்காரர் பெயரைச் சேர்த்திருந்தால்தான் அது நடைமுறையில் கிடைக்கும். காயம் பட்டால் ஆலைக்குப் பழக்கமான தனியார் மருத்துவமனையில் தையல் போட்டு, சில நாளில் ஊருக்கு ரயில் ஏற்றி விடுவது எளிது. அப்போது அந்த விபத்து திருவள்ளூரின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நோயாளியாகி ஊர் திரும்பும் தொழிலாளியின் நுரையீரலும் அப்படியே: மாசு இங்கே, இருமல் பீகாரில். 1979-இன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரரே தங்குமிடமும் மருத்துவ வசதியும் தர வேண்டும் என்று சொன்னது. அது தங்குமிடத்தையும் மருத்துவத்தையும் ஒரே மூச்சில் சொன்னதே கவனிக்கத்தக்கது.

இப்போது கணக்கெடுப்பின் பக்கம் வரலாம். என் வாதத்தின் மையம் இதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) 707 மாவட்டங்களில் ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளில் நடந்தது. சராசரியாக ஒரு மாவட்டத்துக்கு 900 வீடுகள். 2011 கணக்கெடுப்பில் 37 லட்சம் பேர் இருந்த மாவட்டம் திருவள்ளூர். அதில் சுமார் 22 சதவீதம் பட்டியல் சாதியினர், 1.3 சதவீதத்தை ஒட்டிப் பழங்குடியினர். 900 வீடுகளில் எத்தனை இருளர் வீடு வரும்? மாவட்டத்துக்கு உள்ளே ஆவடியையும் பாப்பன்குப்பத்தையும் பிரித்துக் காட்டவே அந்த மாதிரி போதாது. ஊர்த்தெருவையும் காலனியையும் பிரித்துக் காட்டுவது எப்படி? விடுதிகளும் தொழிலாளர் கொட்டகைகளும் குடும்பக் கணக்கெடுப்பின் வரையறைக்குள்ளேயே வருவதில்லை. சமவெளியில் துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு ஒன்று என்பது விதி. பிரிவினையோ முந்நூறு நானூறு பேர் கொண்ட தெருக்களில் நடக்கிறது. வலையின் கண் மீனைவிடப் பெரிது.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு நாடு தழுவிய சான்று இருக்கிறது. அஞ்சலி அடுகியா, சாம் ஆஷர், பால் நோவோசாட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இந்தியாவின் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 பேர் கொண்டது, ஆராய்ந்து 2023-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் இந்திய நகரங்களில் பிரிந்து வாழும் அளவு, அமெரிக்காவில் கறுப்பர் வெள்ளையர் பிரிவுக்கு ஒப்பானது என்று கண்டார்கள். அவர்கள் வாழும் பகுதிகளில் மருத்துவ நிலையம், பள்ளி, குடிநீர், கழிவுநீர் வசதி எல்லாம் குறைவு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மாவட்டம், நகரம் என்ற மட்டத்தில் பார்த்தால் ஒதுக்கீடு அவ்வளவு பாரபட்சமாகத் தெரியவில்லை; ஒரே நகருக்குள் தெருவுக்குத் தெரு பார்க்கும்போதுதான் பாரபட்சம் வெளிப்படுகிறது. பணம் ஒதுக்குவது தலைமைச் செயலகம். குழாய் எந்தத் தெரு முனையில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது உள்ளூர் அதிகாரம். அந்த அதிகாரத்தின் நிலையைச் சொல்ல ஒரு நிகழ்வு போதும்: கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் 2020 சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியவில்லை. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நின்ற பிறகே ஏற்றினார்.

வறுமைதான் காரணம், சாதியோ இடமோ அல்ல என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கும், ஆதிவாசிகளின் ஆயுள் 4 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்றது. பொருளாதார நிலை அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை; இங்கே இடைவெளி குறைவாக இருக்கலாம். இடைவெளியே இல்லை என்று கருத எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நிலம் எடுப்பதிலும் இதே நியதி செயல்படுகிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்கண்டிகை, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அதன் மேய்க்கால் நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. 2009-இல் மிச்சலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. ஊர் மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012-இல் அவர்கள் சார்பில் பிரான்ஸில், பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி நெறிமுறைகளின் கீழ், முறையீடும் பதிவானது. அதே ஊர்ப்பெயரைத் தாங்கிய கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது: 380 கோடி ரூபாய், 500 மில்லியன் கன அடி, சென்னைக்குக் குடிநீர். தொழில் வளர்ச்சிக்கு நிலம், தலைநகருக்குத் தண்ணீர், இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து. மேய்ச்சல் நிலம் போனால் மாடு குறையும். மாடு குறைந்தால் வீட்டுப் பாலும் கையில் புரளும் சில்லறையும் குறையும். இந்த இழப்பை எந்தச் சுகாதார அட்டவணையும் 'ஊட்டச்சத்து' என்ற தலைப்பில் எழுதுவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் வாரன் கவுண்டி என்ற கறுப்பர் பெரும்பான்மைப் பகுதியில் 1982-இல் நச்சுக்கழிவுக் குழி தோண்டப்பட்டபோது எழுந்த போராட்டத்திலிருந்து 'சூழலியல் நீதி' என்ற இயக்கமே பிறந்தது. இங்கே அந்த இணைப்பை, யார் வாழும் இடத்துக்கு என்ன வருகிறது என்ற கேள்வியை, ஆய்வுலகம் இன்னும் அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறது.

அரசு இதை மாற்றவே முடியாது என்றும் இல்லை. 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சானதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் இரவெல்லாம் நெடுஞ்சாலையில் அமர்ந்து சென்னை–பெங்களூரு போக்குவரத்தை நிறுத்தினார்கள். தொழிலாளர் விடுதி பொதுப் பேச்சுக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 706.50 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது. இலங்கைத் தமிழர் முகாம்களுக்கும் 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் பெரும்பகுதி. கும்மிடிப்பூண்டியின் உலைத் தொழிலாளிக்கு வல்லத்தைப் போல எதுவும் எழவில்லை. உலகச் சந்தைக்குக் கைப்பேசி செய்யும் ஆலையின் பெயர் கெட்டால் முதலீடு போகும். உள்ளூர்க் கட்டடங்களுக்குக் கம்பி உருட்டும் மில்லுக்கு அந்த அச்சம் கிடையாது.

புதிய வீடுகள் எங்கே எழுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இடிந்த வீட்டை அதே முகாமில் கட்டினால் கூரை மாறும், காற்று மாறாது. 18,720 பேரை ஒரே வளாகத்தில் வைத்தால் கழிப்பறையும் உணவும் தரமாகும். ஊரோடு கலப்பது இன்னும் தள்ளிப்போகும். தரமான ஒதுக்கிடமும் ஒதுக்கிடம்தானா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. பாய்க்கு முறை வைத்துத் தூங்கும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதும் சரியாகாது.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் மாநெல்லூரில் சிப்காட்டின் அடுத்த தொழிற்பூங்கா வருகிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இத்தகைய திட்டங்களுக்குப் பத்து கிலோமீட்டர் சுற்றளவை ஆய்வு செய்வது வழக்கம். அந்த அறிக்கைகளில் காற்றின் திசையை வட்டப்படமாகப் போடுவார்கள். மக்கள்தொகை, எழுத்தறிவு, பட்டியல் சாதியினர் சதவீதம் ஆகியவற்றைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து வேறொரு அத்தியாயத்தில் அட்டவணையாகப் போடுவார்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்க்கும் பக்கம் இருக்காது. காற்று போகும் பக்கத்தில் இருப்பது எந்தத் தெரு, அங்கே இருப்பவர்கள் யார், அவர்கள் பட்டா எந்த வகை, அங்குள்ள குழந்தைகளின் ரத்தத்தில் இன்று ஈயம் எவ்வளவு என்று ஆலை வருவதற்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லிக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் அறிக்கையில் ஒரு வரைபடமும், கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் குடியிருப்பின் பெயருக்கு ஒரு பத்தியும் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.